மாமன் விழுந்த வழக்கு

எங்கள் ஊர்க் கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவே இன்னொரு குற்றம். அவனுக்காக அவன் தாய்மாமன் எழுந்து நிற்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். "பய செஞ்சது தப்புத்தான், சபை பொறுக்கணும்" என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுவார். கூட்டத்தில் மூத்தவர் எழுந்து வந்து அவரைத் தொட்டுத் தூக்கிவிட்டால் வழக்கு தீர்ந்தது; கொஞ்ச காலம் தள்ளிவைப்பதோடு சரி. பையன் அதைச் செய்தானா, செய்யவில்லையா என்று அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். அதற்கு முன்பும் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

போடிப் பக்கம், தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் எங்கள் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு. அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் நானும் மாமா வீட்டோடு இருந்தோம். அதனால் கல்லூரியில் கார்டியன் என்று கேட்ட இடத்தில் மாமா பெயரைத்தான் கொடுத்திருந்தேன். மாமாவுக்குப் பருத்தியும் மொச்சையும் விளைகிற ஒரு தோட்டம், கமலை கட்டி இறைக்கிற கிணறு ஒன்று, ஒரு ஜோடி மாடு, ஊர்க் கூட்டத்தில் நல்ல மரியாதை. படிப்புத்தான் இல்லை.

எங்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் இங்கிலாந்துச் சக்கரவர்த்தி படம் ஒன்று பெரிய மரச்சட்டம் போட்டுத் தொங்கும். ஒருநாள் காலை நாங்கள் இட்லிக்குப் போய் உட்கார்ந்தபோது படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சக்கரவர்த்தியின் முதுகை, அதாவது தூசி படிந்த பலகையை, பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சிரிக்காமலே நான் மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் அனுமதி வாங்காமல் சுவரேறிக் குதித்து ஊருக்குள் நாடகம் பார்க்கப் போயிருந்தேன். ஆஜர் எடுத்தபோது நான் இல்லை. திரும்பிச் சுவர் ஏறியதைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். சுவரேறிக் குதித்தால் அபராதமும் ஒரு எச்சரிக்கையும்தான் தண்டனை. சக்கரவர்த்தியைத் திருப்பி வைத்தால் கல்லூரியை விட்டே விலக்கிவிடுவார்கள். வெளியே சுற்றிய ஒருவன் கையில் கிடைத்த பிறகு வேறு ஆளைத் தேடுவானேன் என்று விடுதி வார்டன் நினைத்திருக்க வேண்டும். விசாரணைக்குக் கார்டியனை அழைத்து வா என்று என்னை ஊருக்கு அனுப்பினார்கள்.

போடியில் ரயில் ஏறியதிலிருந்து மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். படத்தை நான் தொடவில்லை. நாடகத்துக்குப் போனேன், அதை ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பேச விடுங்கள், நானே இங்கிலீஷில் சொல்லிக்கொள்கிறேன். மாமா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். மடியில் ஒரு சீப்புப் பழமும் வெற்றிலையும் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சபைக்குப் போறோம், வெறுங்கையோட போவாகளா?" என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பிரின்ஸிபால் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க வார்டன். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்களை வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். வார்டன் மாமாவைப் பார்த்து, "உங்கள் பையன் சக்கரவர்த்தி படத்தைத் திருப்பி வைத்ததாகக் குற்றச்சாட்டு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மாமாவின் கை தோளுக்குப் போனது.

"மாமா, வேண்டாம்" என்றேன்.

"நீ பேசாத" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை இடுப்பில் கட்டினார். "பய செஞ்சது தப்புத்தான். சபை பொறுக்கணும்."

மேஜைக்கு முன்னால் அந்த ஆறடி உடம்பு அப்படியே விழுந்தது. பிரின்ஸிபால் பதறிப்போய் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து, இரண்டு கையாலும் மாமாவைப் பிடித்துத் தூக்கினார். எழுந்து நின்ற மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சபையில் மூத்தவர் தொட்டுத் தூக்கிவிட்டார் அல்லவா, வழக்கு முடிந்தது. அதே நேரம் வார்டன், "பையன் செய்ததை ஒப்புக்கொள்கிறார்" என்று துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயும் வழக்கு முடிந்தது.

நான் குறுக்கே புகுந்து ஏதேதோ சொன்னேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. பிரின்ஸிபால் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "உன் மாமா உன்னைவிட நேர்மையான மனிதர்" என்றார்.

ஒரு வருஷ விலக்கு. சர்வகலாசாலைக்கும் எழுதிவிடுவார்கள், ராஜதானி முழுக்க வேறு எந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்காது. வருஷம் முடிந்ததும் கார்டியனோடு வந்தால் திரும்பச் சேர்ப்பது பற்றி யோசிப்பார்கள்.

வெளியே வந்ததும் மாமாவிடம் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"தள்ளிவைக்காமயா? நம்ம ஊர்லயும் தள்ளித்தான வைப்பாக. வருசம் கழிச்சுச் சேத்துக்கிருவாக. நீ பாத்தியாலே, துரையே எந்திருச்சு வந்து தூக்கிவிட்டாக! நம்மாளுக இம்புட்டுச் சீக்கிரமாத் தூக்க மாட்டாக."

அவர் கணக்கில் எல்லாம் சரியாக நடந்திருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை நான் எங்கே பிடித்து, எந்த வாயால் திட்டுவது?

விழுந்து மீட்கப்பட்டவனுக்கு எங்கள் பக்கம் இன்னொரு கட்டு உண்டு. தள்ளிவைத்த காலம் தீரும்வரை அவன் விழுந்தவருடைய பிணையில் இருக்க வேண்டும். அவர் கூட வராமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மதுரைக்காரர்கள் என்னை வெளியே தள்ளினார்கள், ஊர்க்காரர்கள் என்னை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். தேவாரம் சந்தைக்கு மாமாவோடு போனேன். முடிவெட்டிக்கொள்ள மாமாவோடு போனேன். இருபது வயது ஆள், மீசையும் முளைத்தாயிற்று, மாமா பின்னாலேயே நடந்தேன். போகிற இடத்தில் எல்லாம் அவர் கதை சொன்னார். துரை தூக்கிய கதை. ஒவ்வொரு ஊரிலும் துரை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி வந்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், போடியில் ஒரு வக்கீலைப் பார்த்து யோசனை கேட்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். எல்லைக் கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்கன போறீக?" என்றார். கோபமெல்லாம் இல்லை. "உங்க மாமன் அசலூர்ல போயி மண்ணுல விழுந்திருக்காக. அது வீணாப் போகணுமா?"

போலீஸ்காரன் தடுத்திருந்தால் மீறிப் போயிருப்பேன். அந்த மனிதரிடம் என்ன சொல்வது? திரும்பி வந்தேன். அம்மாவிடம் புலம்பினேன். அவளும் அதையேதான் சொன்னாள். "அண்ணன் எனக்காகக்கூட யார் கால்லயும் விழுந்ததில்லடா. நீ ஒண்ணும் பேசாத."

யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சோறு போட்டார்கள், நெய் ஊற்றிப் போட்டார்கள். விரோதி இருந்தால் சண்டை போடலாம். இங்கே எல்லாரும் என் பக்கம். எனக்கு மூச்சு முட்டியது. மூன்று பக்கமும் மலை நிற்கிற ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரர்கள் வந்தால் அழகு, அழகு என்பார்கள். அந்த வருஷம் எனக்கு அந்த மலைகளைக் கண்டாலே ஆகாது. காலையில் கமலை மாட்டை முன்னால் ஓட்டுவேன், பின்னால் தள்ளுவேன், தண்ணீர் பாத்திக்குப் போகும். மதுரையில் இந்நேரம் தர்க்க வகுப்பு நடக்கும் என்று நினைப்பேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது.

ஒரு வழியாக அந்த வருஷம் தீர்ந்தது. கல்லூரி திறக்கிற ஜூன் மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு மதுரை போனேன். மாமா புதுத் துண்டு போட்டிருந்தார். பிரின்ஸிபாலுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. எழுந்து கை குலுக்கினார். பையன் இனி ஒழுங்காக இருப்பானா என்று வார்டன் கேட்க, "நான் பொறுப்பு" என்று மாமா நெஞ்சில் கை வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சிறகு முளைத்துவிட்டது. நாளைக்கு வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பிரின்ஸிபால் என் பக்கம் திரும்பினார். சாதாரணமாகத்தான் பேசினார். "இன்னும் ஒரு விஷயம் பாக்கி. அந்தப் படம் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. சட்டமும் கனம். நீ தனியாக அதைத் திருப்பியிருக்க முடியாது. உன்னோடு இருந்தது யார்? பெயரைச் சொல், நாளைக்கே வகுப்பில் உட்காரலாம்."

நான் திருப்பவே இல்லை என்றேன். இந்தத் தடவை இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் தலையை அசைத்தார். "அது போன வருஷமே ஒப்புக்கொண்டு தீர்ந்துபோன விஷயம். திரும்ப எடுக்க முடியாது." துரையும் எங்கள் ஊரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெயர்கள் வந்தன. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் பெயர் வந்தது. படிப்பை முடித்து, கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போய்விட்ட ஒருவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே ஒரு பெயர். என் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டு நின்றது.

"என்னலே கேக்குறாக?" என்றார் மாமா.

சொன்னேன். அவர் மெதுவாக, "நீதான் அதத் தொடவே இல்லையே" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீதான ரயில்ல சொன்ன. எங்கிட்ட நீ பொய் சொல்லுவியாலே?"

தெரிந்தேதான் விழுந்திருக்கிறார். இப்போதும் அவர் காரியத்தில் கண்ணாக இருந்தார். துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"கூட இருந்தவன் பேரு ஒண்ணு வேணும், அம்புட்டுத்தான? எம் பேரச் சொல்லு. மாமனும் கூட வந்தாருன்னு சொல்லிரு. நான் விழுந்துக்கிறேன்."

கை துண்டுக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். கமலைக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை. என் பிடிக்கு அடங்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வார்டனுக்குத் தமிழ் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மாமா என்ன சொல்கிறார்?" என்றார் பிரின்ஸிபால்.

"சொல்வதற்குப் பெயர் இல்லை என்கிறார்" என்றேன்.

பெயர் இல்லையென்றால் இடமும் இல்லை, என்றைக்கும் இல்லை என்றார் அவர். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். எப்போது சேர்த்துக்கொள்வார்கள் என்று மாமா கேட்டார். ரயிலில் ஏறிய பிறகும் கேட்டார். உசிலம்பட்டி தாண்டியதும், இனிமேல் சேர்க்க மாட்டார்கள் மாமா என்று ஒரு வழியாகச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஆண்டிபட்டி வந்தபோது என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப, மொதத் தடவையே நான் விழுந்திருக்கக் கூடாதாலே?"

"அதெல்லாம் இல்ல மாமா" என்றேன். "நீங்க விழுந்ததுனாலதான் ஜெயிலுக்கு அனுப்பாம விட்டாக."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நம்பிவிட்டார்.