ஆடி முடிவதற்குள் ஒரு கேமரா

கேமரா வாங்கும் எண்ணம் எனக்கு ரோஷத்தில் வந்தது. எழுபதுகளின் கடைசியில், மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் ஒன்பது பெண்கள் ஒரே செட்டாக உப்புச் சுமந்துகொண்டிருந்தோம். எங்களில் என் உயிர்த் தோழிக்கு வைகாசியில் நிச்சயம் ஆயிற்று. கல்யாணம் ஆவணியில், போவது வேலூர்ப் பக்கம். அவள் போவதற்குள் உப்புக் கூடையும் கையுமாக எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைத்தெரு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடப் போனேன்.

"உப்பளத்துக்கெல்லாம் கேமராவத் தூக்கினு வர முடியாதும்மா. நல்ல பொடவையாக் கட்டிக்கினு இங்க வாங்க, சீனரி முன்னாடி நிக்க வெச்சு எடுக்கிறேன்" என்றார்.

கூடையை எங்கே வைப்பது என்று கேட்டதற்குச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுவரை நான் கேமராவைத் தொட்டதுகூட இல்லை.

கையில் அந்த சீசனில் சேர்த்த தொண்ணூறு ரூபாய் இருந்தது. தீபாவளிக்குப் பாண்டிச்சேரிக் கடைகளில் விலை குறைப்பார்கள், பொறு என்றான் அண்ணன். தீபாவளிக்கு மழை கொட்டும், உப்பளம் குளமாகக் கிடக்கும், அவளும் இருக்கமாட்டாள். பிறகு எதைப் படம் எடுப்பது? அவனுக்கு மூளை அவ்வளவுதான்.

உப்பு ஏற்ற வரும் லாரி டிரைவர்தான் வழி சொன்னார். கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் சின்ன கேமரா ஒன்றை விற்கப்போகிறாராம். ஆனி மாதம் போய்ப் பார்த்தேன். அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாசல் வரை செண்ட் வாசனை, உள்ளே டேப்ரெக்கார்டர் சத்தம். இருநூறு ரூபாய், பைசா குறையாது என்றார். நான் பேரமே பேசவில்லை. "எப்ப கெளம்புறீங்க பாய்?" என்று மட்டும் கேட்டேன். ஆடிக் கடைசியில் என்றார்.

லீவில் வருகிறவர்கள் வந்த புதிதில் ராஜா மாதிரி செலவழிப்பார்கள். கிளம்புகிற வாரத்தில் கையைப் பிசைவார்கள். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் தோழியும் அதுவரை எங்களோடுதான் இருப்பாள். ஆகவே காத்திருந்தேன். ஆனாலும் அந்த நாட்களில் ஒரே யோசனைதான். வேறு யாராவது வாங்கிவிட்டால்? அவர் முன்னாடியே கிளம்பிவிட்டால்? "வாங்கிட்டியாடி?" என்று தோழி தினமும் கேட்பாள். "பொறுடி" என்பேன்.

அவர் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது போனேன். வாசலில் பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன. கேமரா விற்கவில்லை.

"நூத்தம்பது குடும்மா."

"எம்பத்தஞ்சு இருக்குது பாய். பஸ்ஸுக்கும் படம் கழுவுறதுக்கும் அஞ்சு ரூபா வேணும், அதைக் கேக்காதீங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எடுத்துக்கோம்மா. உள்ளயே ரோல் இருக்குது, பன்னெண்டு படம். வெயிலுக்கு முதுகு காட்டி நில்லு, கை ஆடக்கூடாது."

மறுநாள் காலை, உப்பின் வெளுப்பு கண்ணைக் கூசுவதற்கு முன்பே, உப்பு அம்பாரத்தின் அருகில் எட்டுப் பேரையும் நிறுத்தினேன். இழுத்துச் செருகிய புடவை, தலையில் சும்மாடு, இடுப்பில் கூடை. ஈரக் கையோடு ஒருத்தியையும் கேமரா பக்கம் அண்டவிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். பன்னிரண்டையும் அங்கேயே தீர்த்தேன். கழுவி வந்தபோது மூன்று பாழ், ஒன்பது பளிச்சென்று இருந்தது. கடை வாசலிலேயே கத்திவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், இருப்பதிலேயே நல்ல படத்தைத் தோழியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டே போனவள் எட்டாவது முகத்தில் நின்றாள்.

"நீ எங்கடி?"

இவ்வளவு கணக்குப் போட்ட நான் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் துளி வருத்தமும் வரவில்லை. இத்தனை கர்வமாக நான் அதற்கு முன் நின்றதில்லை.

"நல்லாப் பாருடி. எல்லாரும் யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?"