பத்துப் பேர் எழுதிய பிறந்த ஊர்

இலங்கையில் எங்கள் ஊரை விட்டு நோர்வேக்கு வந்தவர்கள் ஒரு ஊர்ச் சங்கம் வைத்திருக்கிறோம். அதன் பிள்ளைகள் கிரிக்கெட் அணிக்கு ஆட்களைப் பதிகிற வேலை என்னுடையது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஆனால் அந்தப் படிவங்களை மட்டும் ஒரு பிழையும் விடாமல் வைத்திருப்பேன். பெயர், வயது, பிறந்த ஊர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் எங்கள் ஊர் இருந்தால் பிள்ளை அணியில். இல்லாவிட்டால் இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த மூன்றாவது கட்டத்தின் கதை.

சில வருடங்களுக்கு முன், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப் போட்டி பார்த்தோம். இங்கிலாந்தும் நியூசிலாந்தும். அன்று காலையிலேயே நான் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் இங்கிலாந்து ஆட்டக்காரர் சிலர் பிறந்த இடங்களை எழுதி வைத்திருந்தேன். அணித்தலைவர் அயர்லாந்து. ஒருவர் தென்னாபிரிக்கா. ஒருவர் எதிரணியின் நாடான நியூசிலாந்திலேயே பிறந்தவர். வேகமாகப் போடுகிற ஒருவர் பார்படோஸ். அவர் இங்கிலாந்துக்கு ஆட எத்தனை வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியை அப்போதுதான் குறைத்திருந்தார்கள். அவரைச் சேர்த்தபோது, பல நாள் அணியில் இருந்த இன்னொருவருக்கு இடமில்லாமல் போனது. அங்கே எவ்வளவோ வாக்குவாதம் நடந்தது. நானும் இங்கே சோபாவில் இருந்து என் பங்குக்கு வாதாடினேன்.

“இது இங்கிலாந்தோ? வந்தான் வரத்தானைச் சேர்த்துப்போட்டு கிண்ணம் கேக்கினம்!”

அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வெற்றியைத் தீர்மானிக்க ஆளுக்கு ஒரு ஓவர் கொடுத்தார்கள். நியூசிலாந்துக்கு எதிரான அந்த ஓவரைப் போட, பார்படோஸில் பிறந்தவரிடம் பந்து போனது. முதல் பந்து அகலப் போனது. பிறகு ஒன்று எல்லைக்கு மேலே பறந்தது. ஆனாலும் அவர் கலங்கவில்லை. கடைசிப் பந்தில் ஓடி வந்தவர் ஆட்டமிழக்க, கிண்ணம் இங்கிலாந்துக்கு. நான் சோபாவில் ஏறி நின்று கத்தினேன். உறை எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள் அதை எடுத்துத் தந்து, “அப்பா, இது இனி வேணுமோ?” என்று கேட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. எங்கள் மென்பந்துக் கிரிக்கெட் அணிக்கு அவள்தான் தலைவி. இந்த வருடம் சுற்றுப்போட்டிக்குப் பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள். பதினோராவது பிள்ளை மாமாவின் கல்யாணத்துக்குக் கனடா போய்விட்டான். மகள் தன் வகுப்புத் தோழியைக் கூட்டி வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் தாயோடு கோயம்புத்தூரில் இருந்து வந்த பிள்ளை. எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். சுழல்பந்து போடுவாள். குளிர்காலம் முழுக்கக் கார் நிறுத்துகிற நிலவறைச் சுவரில் எறிந்து பழகினவள்.

“அங்கிள், நான் எப்பவாவது ஒரு டீம்ல ஆடணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருக்கேன்,” என்று படிவத்தை நீட்டினாள்.

மூன்றாவது கட்டத்தில் ‘கோயம்புத்தூர்’ என்று அழகாக எழுதியிருந்தது. சங்கத் தலைவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்போம். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எங்கட ஊர் இல்லையே தம்பி. இண்டைக்கு இவ, நாளைக்கு ஆர்? பத்துப் பேரோடை விளையாடுவம்.”

நான் அவளுடைய பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகள் படிவங்களைப் பரப்பினாள்.

“அப்பா, நான் எங்கை பிறந்தனான்?”

“இஞ்சை, ஒஸ்லோ ஆஸ்பத்திரியிலை.”

“என்ரை படிவத்திலை என்ன எழுதினனீங்கள்?”

எங்கள் ஊர்ப் பெயரை எழுதியிருந்தேன். அடுத்த படிவத்திலும் எங்கள் ஊர். அதற்கடுத்ததிலும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட எங்கள் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஊர் எது என்று கேட்டால் தாய் தகப்பனின் ஊரைச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

“நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்?”

“யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. எங்கட ஊரிலை ஆஸ்பத்திரி இருக்கேல்லை.”

“அப்ப நீங்களும் இல்லை. பத்துப் பேரும் பிழையா எழுதியிருக்கிறம். சரியா எழுதின ஒருத்தியைத்தான் வெட்டிப்போட்டியள்.”

அந்தப் பிள்ளைக்கு ஒரு அணி வேண்டும், அவ்வளவுதான். அதை நான் ஒரு கட்டத்தைக் காட்டிப் பறித்துவிட்டேன்.

அடுத்த நாளே பதினொரு படிவங்களோடும் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். “அண்ணை, ஒண்டில் இவவைச் சேர்ப்பம். இல்லாட்டி பத்துப் பேரையும் வெட்டுவம். என்ரை மகளை முதல் வெட்டுறன்.”

அவர் நெடுநேரம் படிவங்களைப் புரட்டினார். “உம்மடை வாய் இந்தளவுக்கு நீளும் எண்டு எனக்குத் தெரியாது,” என்றார். பிறகு, “தோத்தால் நீர்தான் சங்கத்துக்குப் பதில் சொல்லவேணும்.”

“ஓம்,” என்றேன்.

இறுதி ஆட்டம் நடந்த சனிக்கிழமை நல்ல வெயில், ஆனால் காற்று. அண்ணை எனக்குப் பக்கத்தில் மடிப்புக் கதிரையில் கைகட்டி இருந்தார். கடைசி ஓவர். எதிரணிக்கு ஐந்து ஓட்டம் வேண்டும், கையில் இரண்டு விக்கெட். மகள் பந்தைத் தோழியிடம் கொடுத்தாள்.

முதல் பந்து அகலப் போனது.

“பாத்தீரோ?” என்றார் அண்ணை.

“இப்பிடித்தான் தொடங்கும் அண்ணை, இருந்து பாருங்கோ,” என்றேன்.

அகலப் போன பந்துக்கு ஒரு ஓட்டம், அடுத்ததில் இன்னொரு ஓட்டம். அதற்கடுத்த பந்து தரையில் பட்டு உள்ளே திரும்பி, விக்கெட் தடி சரிந்தது. அண்ணை கட்டிய கையை அவிழ்த்தார். மூன்று ஓட்டம் வேண்டும், ஒரு விக்கெட்தான் மிச்சம். அடுத்த பந்தில் ஓட்டமில்லை. அதற்கடுத்ததை எதிரணிப் பையன் இறங்கி வந்து வானத்துக்கு அடித்தான். காற்று பந்தை இழுத்தது. மகள் பின்பக்கமாக ஓடினாள், ஓடினாள், விழுந்தாள். கை மட்டும் மேலே இருந்தது. கைக்குள் பந்து.

இரண்டு ஓட்டத்தால் வென்றோம். எட்டு வருடத்தில் முதல் கிண்ணம். கதிரை கவிழ, ஒரு செருப்பை விட்டுவிட்டு அண்ணை மைதானத்துக்குள் ஓடினார். நான் அந்தச் செருப்பைத் தாண்டி ஓடினேன்.

பரிசளிப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஊரின் பெயரைச் சொல்லி அழைப்பது வழக்கம். ஒலிவாங்கி அண்ணையிடம் இருந்தது. பத்துப் பேரையும் அழைத்தார். பதினோராவதாக, “அடுத்தது, எங்கட ஊரின்ரை சுழல்பந்து வீச்சாளர்!” என்று கத்தினார். அவள் ஓடிவந்து பதக்கத்துக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அண்ணா, நாங்க கோயம்புத்தூருன்னு அவருக்குத் தெரியும்ல?”

“தெரியும் தங்கச்சி,” என்றேன். “இப்ப மறந்திட்டார்.”