படகில் பங்கு போட்ட மாத்திரை

பிரஷர் பார்க்கும் கருவியின் கைப்பட்டையை எத்தனை முறை துடைத்தாலும் அதிலிருந்து டீசலும் மீனும் கலந்த வாடை போகாது. ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருந்த காலத்தின் வாடை அது. ஆவூரில் வயலையும் மாதா கோயிலையும் பார்த்து வளர்ந்த எனக்குக் கடல் புதிது, கடலுக்குப் போகிறவர்கள் அதைவிடப் புதிது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுப்பது என் வேலை. அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்பேன். “இந்த சிஸ்டருகிட்ட மாட்டுறதுக்குப் போலீஸ்காரன் தேவலப்பா” என்று வரிசையில் நிற்பவர்கள் என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வரிசையில்தான் டிரைவர் வந்தார். விசைப்படகு ஓட்டுபவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டிய, சிரித்த முகமுள்ள மனிதர். அவருக்கு முன்னால் அதே படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன். நடுக்கடலில் படகை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தவர் அவர். ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல், பேச்சும் போய், வீட்டோடு படுத்துவிட்டார்.

“நானும் அவரு மாதிரி விழுந்துருவேனாங்க? படகுல ஏறுறவங்க உசுரு என் கையில இருக்கு சிஸ்டர். அதை மட்டும் பாத்துச் சொல்லிப்புடுங்க” என்றார் டிரைவர்.

அவருக்கும் இரத்தக் கொதிப்பு, மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தார். அண்ணனும் இதே மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

“ஒரு நாள் விட்டதில்லங்க, கண்ணால பாத்தவன் நானு. போட்டும் விழுந்தாரே, பெறகு என்னத்துக்கு மாத்திரைன்னுதான் எங்க வீட்ல கேக்குறாக.”

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களும் சில நேரம் விழுவதுண்டுதான். ஆனால் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள் மாதிரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய உறுத்தல், டிரைவரின் இரத்த அழுத்தமும் இறங்கவே இல்லை. மாதம் தவறாமல் வந்தார். சாராயம் தொடுவதில்லை. கருவாட்டைக் குறைக்கச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே குறைத்தார். அப்படியும் அளவு அசையவில்லை. கருவியில்தான் கோளாறோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. கடலில் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாரோ என்று அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். “ஐயோ, அபாண்டமாச் சொல்லக் கூடாதுங்க! ஒழுங்காத்தான் போடுறாக” என்று அந்தம்மா காலி மாத்திரை அட்டைகளை என் மேசையில் கொட்டினார். மருத்துவர் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணால் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது.

படகுகள் புறப்படும் ஒரு விடியற்காலையில் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கே போய்விட்டேன். ஐஸ் உடைக்கும் சத்தத்தில் காது அடைத்தது. டிரைவரின் படகில் தூக்குவாளியிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். பல்லால் இரண்டாகக் கடித்தார். ஒரு பாதியை விழுங்கிவிட்டு, மறு பாதியை வலை இழுக்கும் இளந்தாரி ஒருவனின் உள்ளங்கையில் வைத்தார். அவனும் பிரசாதம் வாங்குவதுபோல வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

“அடப் பாவிகளா! என்னங்க இது?” என்று கரையிலிருந்தே கத்திவிட்டேன்.

டிரைவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. “இவனுக்குத் தலை கிறுகிறுங்குதாம், சிஸ்டர். ஒரே சட்டியில திங்கிறோம். மீனுன்னாலும் பங்குதான், சோறுன்னாலும் பங்குதான். இவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் மட்டும் முழுங்குனா நல்லாவா இருக்கும்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என்ன மனசு இது! படகில் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் கையை நீட்டச் சொன்னேன். அந்த இளந்தாரிக்கு இரத்த அழுத்தம் இயல்புக்கும் கீழே இருந்தது. வெறும் வயிற்றில் வெயிலில் நிற்பவனுக்கு வந்த கிறுகிறுப்பு, யாருடைய மாத்திரையாலோ கூடிப்போயிருந்தது. ஒன்றுமே சொல்லாமல் ஒதுங்கி நின்ற சமையல்காரருக்கோ, பார்த்த எனக்கே பயம் வரும் அளவுக்கு ஏறியிருந்தது. பாதி மாத்திரை உங்களுக்குப் போதாது, அந்தப் பாதி அவனுக்கு ஆகவும் ஆகாது என்று டிரைவரிடம் சொன்னேன். உனக்கு ஒன்றும் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போ என்றபோது அந்தப் பையன் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையாங்க?” என்றான்.

தனித்தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இவர்களிடம் வேலைக்கு ஆகாது என்று அன்றுதான் புரிந்தது. மருத்துவரிடம் சொல்லி, படகு படகாகக் கூப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். தேவைப்பட்டவருக்கு அவரவர் அட்டை, தேவைப்படாதவருக்கு மற்றவர்களை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. குழம்பில் உப்பைக் குறைத்தால் முணுமுணுக்க ஆளில்லை, எல்லோருக்கும் ஒரே சட்டிதானே. பக்கத்துப் படகுக்காரர்கள் தாங்களே வந்து, எங்களை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து டிரைவரின் அளவு முதன்முதலாக இயல்புக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “பாத்தீங்களா, முழுசாப் போட்டா எறங்குது!” என்று கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எங்க அண்ணன் ஒருநாளும் விட்டதில்லைன்னு சொன்னேன்ல சிஸ்டர். விட்டதில்லதான். ஆனா பாதியத்தான் போடுவாரு. எனக்கு அப்ப அடிக்கடி மண்டையிடி. மீதிப் பாதிய எனக்குக் குடுத்துருவாரு.” கைப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “அவரு மாத்திரைய நான்ல தின்னுருக்கேன்” என்றார்.

அந்தப் பாதிதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. இத்தனை நாள் குடைந்து குடைந்து தேடிய பதில் இது.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு படகாக ஏறி இறங்கினார். நான் படம் வரைந்து விளக்கியும் மண்டையில் ஏறாத செய்தியை அவர் இரண்டே வரியில் ஏற்றினார். “மீனைப் பங்கு போடுங்கடா, சோத்தைப் பங்கு போடுங்கடா, மாத்திரைய மட்டும் பங்கு போடாதீங்கடா. போட்ட வீடு எங்க வீடு.”

இப்போது நான் கீரனூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது டிரைவர் வீட்டுக்கும் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, இன்னமும் படகை அவர்தான் ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணனைச் சுவரோரமாகச் சாய்த்து உட்காரவைத்து, முள் எடுத்த மீனை அவர் தட்டில் வைத்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு விளங்குகிற கையால் அந்த மீனை மெதுவாக இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தம்பியின் பக்கம் தள்ளினார்.

“தெனமும் இதேதாங்க” என்றார் டிரைவர். குனிந்த தலை நிமிராமல் அதை எடுத்துச் சாப்பிட்டார்.