நெதர்லாந்து நீதிமன்றமும் மஞ்சள் வைத்த தாளும்

முருகனடியார்களே, சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பனியன் கம்பெனிக்கு நெதர்லாந்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. எங்களிடம் குழந்தைகளுக்கான பனியன் வாங்கும் நிறுவனம், சாயம் போகிறது என்று எங்கள்மேல் வழக்குப் போட்டிருந்தது. அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்.

சாயம் போகவில்லை. பரிசோதனைச் சான்று கையில் இருந்தது. ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய சாயப்பட்டறைக்காரரையும் தரம் பார்க்கும் செக்கிங் பெண்களையும் கடல் தாண்டி எப்படிக் கூட்டிப்போவது? வழக்கு அங்கே நடந்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான். அறுபது தையல் மெஷின். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முகம்.

எங்கள் வக்கீல் கைவிரித்தார். "அவிநாசி கோர்ட்டுன்னா நாளைக்கே நிக்கறனுங்கக்கா. இது வேற தேசமுங்க." தேடிப் பிடித்து அந்த நாட்டிலேயே ஒரு பெண் வக்கீலை அமர்த்தினோம். அவர் பேசுவதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை.

நானும் சட்டம் படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு பேக்கிங் பிரிவே என் உலகமாகிப்போனது. சிவன்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். படியில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, படிக்கிறேன். புரிய வை." அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாளே ஐரோப்பிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பேக்கிங் மேசையில் விரித்தேன். அடேயப்பா! காட்டாறு போல வாக்கியங்கள். ஒன்றுக்குள் ஒன்று சுழன்று என்னை இழுத்தன.

"ஏன் அம்மிணி, இந்த வயசுல பரிச்சையா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. இதுல பெயிலானா கம்பெனியச் சாத்தோணும்."

ஆடிக் கிருத்திகை. விரதம். வயிறு காலி, தலை பளிச்சென்று இருந்தது. அன்றுதான் புரிந்தது. வழக்கு எங்கே நடக்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் அங்கே நடக்கும். ஒப்புக்கொண்டது தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், சரக்கை எங்கே ஒப்படைத்தோம் என்று பார்ப்பார்கள். நாங்கள் ஒப்படைத்தது தூத்துக்குடியில், கப்பலில்! அப்படியானால் வழக்கு அங்கே நடக்க முடியாது. எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். செக்கிங் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வக்கீலம்மாவை வீடியோவில் அழைத்துச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. அந்த நிறுவனம் தன் ஆர்டர் தாளின் நகலைத் தாக்கல் செய்திருந்ததாம். பின்பக்கத்தில், வழக்கு நெதர்லாந்தில்தான் நடக்கும் என்று அச்சாகியிருக்கிறதாம். "உங்களுக்கு வந்த அசல் தாளின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்" என்றார்.

எங்கள் ஆபீசில் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்வோம். அசல் எங்கே? இரண்டு நாள் தேடினோம். கோப்பு, பீரோ, பரண் எல்லாம் புரட்டினோம். இல்லை. தோற்ற மனதோடு பூஜை அறையில் விளக்கேற்றி, "முருகா, இதற்கு மேல் என்னால் ஆகாது" என்று தலை குனிந்தேன்.

படத்தடியில் ஒரு தாள்.

புது ஆர்டர் வந்தால் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து முருகன் படத்தடியில் வைப்பது எங்கள் வழக்கம். அதே நிறுவனத்தின் அடுத்த ஆர்டர் வரும்வரை அது அங்கேயே இருக்கும். சண்டைக்குப் பிறகு இவர்களிடமிருந்து அடுத்த ஆர்டரே வரவில்லையே! அந்த அசல்தான் இது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. மஞ்சள் ஊறிய நான்கு பொட்டுகளைத் தவிர வெறும் வெள்ளை. முன்பக்கத்தில் அவர்கள் கையெழுத்து, அவர்கள் முத்திரை.

"ஏனுங்க, ஓடியாங்க!"

வக்கீலம்மா வீடியோவில் உற்றுப் பார்த்தார். மூலையெல்லாம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அது எங்க சாமி போட்ட சீலுங்க மேடம்!" மொழிபெயர்த்தேன். அவர் சிரித்தார். பிறகு, தாள் வந்த நாள் முதல் அங்கேயே இருந்ததைக் காட்ட, அந்த வழக்கத்தையே உறுதிமொழிப் பத்திரமாக எழுதி அனுப்பச் சொன்னார்.

மாசியில் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது! டீ வேளை. தையல் பிரிவுக்கு ஓடினேன்.

"அப்ப நாளைக்கும் வேலைக்கு வரலாங்களாக்கா?" என்றாள் ஒருத்தி.

"நாளைக்கு மட்டுமா கண்ணு, ஓவர்டைமே உண்டு!"

பிறகு அந்த நிறுவனத்தார் நேரில் வந்து சான்றைப் பார்த்தார்கள். தகராறு ஓய்ந்தது. இன்று நான் நாடு கடந்த வழக்குகளுக்கான படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கறுப்புக் கோட்டும் தைத்தாயிற்று. ஒவ்வொரு பக்கம் புரியும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அவன் புரிய வைத்துக்கொண்டே இருக்கிறான்.

உறவுகளே, வெளிநாட்டு உறையைக் கண்டு கலங்கி யாராவது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்களா? வருகிற கிருத்திகைக்குச் சிவன்மலை வாருங்கள். ஏறும்போது அவனைக் கூப்பிடுவோம். இறங்கி வந்ததும் உங்கள் காகிதத்தைச் சேர்ந்து படிப்போம்.