ரப்பரில் பதிந்த இரண்டு பற்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரப்பர் துண்டு இருக்கிறது. கடலுக்கடியில் சங்கு எடுக்கப் போகிறவர்கள், படகிலிருந்து வரும் காற்றுக் குழாயின் முனையில் மாட்டிப் பல்லால் கடித்துக்கொள்ளும் வாய்ப்பிடி அது. கடித்துக் கடித்து அதன் மேல்பக்கத்தில் இரண்டு குழிகள் விழுந்திருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவளுக்கு இது எதற்கு என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் குழிகளை உண்டாக்கிய பற்களைப் பிடுங்கியவள் நான்தான்.

அப்போது நான் பயிற்சி மருத்துவர். புன்னைக்காயலில், மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் எங்கள் இலவச முகாம். வயல்காட்டு ஊரில் வளர்ந்த எனக்குக் கடற்கரை என்றால் மீன், மீன் என்றால் குழம்பு. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நேரம் மிச்சமாகட்டும் என்று, போகிற பஸ்ஸிலேயே எல்லா நோயாளிச் சீட்டுகளிலும் தொழில் என்ற இடத்தில் ‘மீன்பிடி’ என்று எழுதிவைத்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதியத்துக்குச் சற்று முன் அந்த அண்ணன் வந்தார். முப்பதைத் தாண்டிய வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் வலியோடு ஆடின. கம்பி கட்டிச் சில வருடங்கள் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் என் பயிற்சிக் குறிப்பேட்டில் பிடுங்கிய பற்களின் எண்ணிக்கை இன்னும் நிறையவில்லை. எடுத்துவிடலாமா என்றேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க சொன்னாச் சரி, டாக்டரம்மா” என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த முகாமுக்குப் போனபோது, கையில் இந்த ரப்பரோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “வலி போயிட்டு, டாக்டரம்மா. கூடவே தொழிலும் போயிட்டுல்லா. கடிச்சா நிக்க மாட்டேங்கு, தண்ணி உள்ள ஏறுது. படகுல வேற ஆளைக் கூட்டிட்டுப் போறாவ.” குரல் உயரவே இல்லை. பங்குச் சாமியாரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊரில் ஒருவரும் எங்கள் முன் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கழற்றி மாட்டும் பல் கொடுத்தால் கடலுக்கடியில் கழன்று தொண்டையை அடைத்துவிடும். அதனால் வாய்ப்பிடியையே, கடைவாய்ப் பற்களில் நிற்கும்படி, புதிதாகச் செய்வதென்று நானும், செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேப் அண்ணாச்சியும் முடிவு செய்தோம். முதலாவதில் தாடை வலித்தது. இரண்டாவதில் குமட்டியது. ஒவ்வொரு தடவையும் அவர் பஸ் மாறி மாறித் தூத்துக்குடியில் எங்கள் கல்லூரிக்கு வந்து, என்னோடு பயிற்சியில் இருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். “நல்லாப் பாத்துக்கிடுங்க, அடுத்தாளுக்கு ஒரே தடவையில சரியா வரும்லா” என்று சிரிக்க வேறு செய்தார். மூன்றாவதோடு அவர் கடலுக்குப் போன அன்று நான் கரையில் நின்றேன். படகு திரும்பும்வரை அங்கிருந்து நகரவில்லை. சங்குப் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார்.

பழைய ரப்பரை என் கையில் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தச் சீட்டுல என் தொழிலை மாத்தி எழுதிருங்க. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அன்னைக்கே பாத்தேன். டாக்டரு எழுதுனதை நாம என்ன சொல்லன்னு விட்டுட்டேன்.”

அவரை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு பல்லையும் எடுத்ததில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வதென்றும் தெரியவில்லை. முகாமுக்குக் கிளம்பும் ஒவ்வொரு வகுப்பிலும், சீட்டுகளில் தொழில் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றுவேன். அதற்கு முன் இந்த ரப்பர் கை மாறி வரும். குழிகளில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அண்ணனுடைய அந்த இரண்டு பற்களும் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கின்றன.