கம்பத்தைப் பிடுங்கினார்கள், பால்கனி நிற்கிறது

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறேன். எதிர் வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் மாடி கட்டி, பால்கனியைத் தெருவுக்கு மேல் நீட்டினார். மாநகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை போய் வாயால் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள்.

ஒரு நாள் காலை தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவைத் தெருவில் இழுத்துக் கட்டி, நானும் மனைவியும் இழை சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பால்கனியிலிருந்து சிமென்ட் கட்டி பெயர்ந்து, மனைவியின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் பாவின் மேல் விழுந்தது. இழைகள் அறுந்தன.

நெசவுக்காரன் புத்தி. கட்டியைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, அறுந்த இழைகளை முடிச்சுப் போடத் தொடங்கினேன். அதுதான் தப்பு.

மறுபடி போய்ச் சத்தம் போட்ட பிறகு அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார்.

"விழுந்த கட்டி எங்கப்பா?"

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"அப்ப எத வச்சு நோட்டீஸ் குடுக்கறது?" என்றவர், பாவு கட்ட நாங்கள் நட்டிருந்த கம்பங்களைப் பார்த்தார். "இது ஆக்கிரமிப்பு. பிடுங்குங்கப்பா."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மேல அவ்ளோ பெருசா தொங்கிக்கினு இருக்குதே, அது கண்ணுக்குத் தெரியலியா சார்? எங்க குச்சிதான் தெரியுதா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது பாவைப் பக்கத்துத் தெருவில் கட்டுகிறோம். பால்கனியிலிருந்து எது விழுந்தாலும் முதலில் போட்டோ, பிறகுதான் தறி வேலை. புகாரை எழுதித்தான் கொடுக்கிறேன். நகலில் முத்திரை விழாமல் அங்கிருந்து நகர்வதில்லை. முத்திரை விழுந்த நகல் நான்கு இருக்கிறது. பால்கனியும் இருக்கிறது. நாளைக்கு ஐந்தாவது.