மத்தியானத்து மாத்திரைகள்

என் மகளுக்குப் பெரிதாக ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர்கள் இல்லை, என் அக்கா. அப்போது குழந்தை கைக்குழந்தை. தூக்கிக் கொஞ்சி நெற்றியில் முத்தம் கொடுத்தவள், உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, “என்னடி இவ நெத்தி இப்படி உப்புக் கரிக்குது?” என்றாள். வெயில் காலம், வேர்த்திருக்கும் என்றேன். எல்லாக் குழந்தைக்கும்தான் வேர்க்கிறது, இது வேறு மாதிரி என்று அவள் விடவில்லை.

குழந்தை எவ்வளவு பால் குடித்தாலும் எடை ஏறாமல் இருந்தது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக. பூந்தமல்லியில் பார்த்த ஒரு டாக்டர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இன்னொருவர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வருகிற காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார். கடைசியில் அக்காதான் எங்களைச் சென்னைக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, குறுக்கே புகுந்து உப்பு விஷயத்தைச் சொன்னவளும் அவள்தான். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வியர்வையைப் பரிசோதித்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார்கள்.

உடம்பில் ஊறுகிற சளியெல்லாம் பிசின் மாதிரி கெட்டியாகிவிடும் நோய் அது. நுரையீரலில் அடைக்கும். கணையத்திலிருந்து குடலுக்குப் போகிற குழாயிலும் அடைக்கும். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நொதிகள் குடலுக்கு வந்தே சேராது. கொடுக்கிற நெய்யும் பாலும் முட்டையும் உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். அதனால் அந்த நொதிகளை மாத்திரையாக, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் மாத்திரை மாதிரி காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இதற்கு அளவு கிடையாது. தட்டில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் இட்லிக்குக் குறைவு. அதே இட்லியில் நெய்யும் பொடியும் சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல். பூரிக்கு அதைவிடக் கூடுதல். ஆரஞ்சுப் பழத்துக்கு ஒன்றுமே வேண்டாம். முதல் வாய்க்கு முன்னால் பாதி, சாப்பாட்டின் நடுவில் மீதி. மெல்லக் கூடாது. சூடான சோற்றில் கலக்கக் கூடாது. குறைந்தால் கழிப்பறையில் எண்ணெய் மிதக்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, எடை இறங்கும். கூடினாலும் ஆபத்து. அளவுக்கு மீறித் தொடர்ந்து போனால் பெருங்குடல் தடித்துச் சுருங்கிவிடக்கூடும் என்று டாக்டரம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆகவே ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்து, நான் சொல்வதைக் கேட்டு, அதற்கேற்பத்தான் அளவை மாற்றுவார். நான் சொல்வதைக் கேட்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

போகப் போக எனக்குக் கண் பழகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் வடையைப் பார்க்கிற இடத்தில் நான் எண்ணெயைப் பார்த்தேன்.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் எனக்கு அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. என் கணவருக்கு ஆவடியில் ஷிப்ட் வேலை. நூம்பலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பின்தெருவில்தான் அக்கா வீடு. அவள் பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மாமாவுக்குப் பூந்தமல்லியில் டிங்கரிங் பட்டறை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். நீ நிம்மதியா வேலைக்குப் போ, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவே சொன்னாள். மத்தியானம் ஸ்கூட்டியில் சாப்பாடு எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் உட்காரவைத்து ஊட்டுவாள். பள்ளி விட்டதும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டிபன் கொடுப்பாள். எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை மாத்திரை என்று நான் சொல்லிக் கொடுத்ததை என்னைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னாள். வாரா வாரம் ஒரு சின்ன டப்பாவில் மாத்திரைகளைப் போட்டுக் கொடுப்பேன். வார முடிவில் டப்பா காலியாக வரும். தினமும் மத்தியானம் அலுவலகத்திலிருந்து போன் செய்வேன். “குடுத்துட்டேன்டி, நீ உன் வேலையைப் பாரு” என்பாள்.

முதல் சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு எடை நின்றுவிட்டது. அடுத்த முறை அரைக் கிலோ இறங்கியிருந்தது. சாயங்காலங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வாள். மறுபடியும் அந்த எண்ணெய், அந்த நாற்றம். நாங்கள் மேல்மாடியில் இருப்பதால் வெயிலில் மாத்திரை கெட்டுப்போகிறதோ என்று என் கணவருக்குச் சந்தேகம் வந்தது. உள்ளறையில் வெயில் படாத அலமாரிக்கு மாற்றினோம். மருந்துக் கடையை மாற்றினோம். கடைக்காரரிடம் நான் கோபமாகவே பேசிவிட்டு வந்தேன். அளவைக் கூட்டலாம் என்றார் டாக்டரம்மா. கூட்டினோம். எடை ஏறவில்லை. இன்னும் கூட்டினோம்.

பொங்கல் விடுமுறையில் நான் ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். அந்த வாரம் வலி இல்லை, மலமும் சரியாக இருந்தது. சந்தோஷத்தோடு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். “அம்மா கூட இருந்தா பிள்ளைக்கு எல்லாம் சரியாத்தானே இருக்கும்” என்றாள் அவள். நான் வேலைக்குப் போவதைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பள்ளி திறந்ததும் பழையபடி ஆரம்பித்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்காவையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டரம்மா. மெட்ரோ வேலை நடக்கிற சாலையில் பேருந்து ஊர்ந்துகொண்டே போனது. அக்காவின் மடியில் மகள் தூங்கிக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா அக்காவிடம் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? குழந்தை வாயிலிருந்து துப்பிவிடுகிறாளா? ஒரு வேளைகூட விட்டுப்போவதில்லையே?

“நானே வாயில போட்டு, தண்ணி குடுத்து, முழுங்கினப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன் டாக்டர்” என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு என் மகளின் தலையைத் தடவினாள். மகள் குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எடையைக் கணக்கிட்டுப் பார்த்து, அளவை இன்னொரு படி ஏற்றினார். இதுதான் எல்லை, இதற்கு மேல் போக எனக்குப் பயமாக இருக்கிறது, இதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு நோய் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் என் கையை இறுக்கிக்கொண்டாள். எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், அந்தப் பிடியில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அந்த வாரமே வேறு தொந்தரவு தொடங்கியது. மலம் இறுகிவிட்டது, போகும்போது கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்குத் தோசை வார்த்துவிட்டு, புது அளவுப்படி மாத்திரைகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். ஒரு சின்னக் குவியலாகவே இருந்தது. மகள் தட்டைத் தள்ளினாள். நான் அதட்டினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“பெரியம்மா வீட்ல ஒண்ணுகூட இல்ல. இங்க மட்டும் எதுக்கு இவ்ளோ குடுக்கறே?”

என் கணவர் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே இருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொன்னே என்று மெதுவாகக் கேட்டேன். அவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலிருந்தே மத்தியானமும் இல்லை, சாயங்காலமும் இல்லை. அம்மாகிட்ட சொன்னா அம்மா உன்னை இங்கே அனுப்ப மாட்டா, அதனால் சொல்லாதே என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். கேட்டால் போட்டாச்சு என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள். என் மகள் அதை என் முகத்தைப் பார்த்து, ஒரு நாள் விடாமல் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், அதில் என் மகளின் யூனிஃபார்மும் இருந்தது. மாமா ஞாயிற்றுக்கிழமை என்பதால் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்துவேன் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் மத்தியானம் மாத்திரை கொடுக்கிறாயா, இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவள் மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து மடித்தாள். “ஒரு நாள் எடுத்துக்கிட்டுப் போக மறந்துட்டேன்” என்றாள். “நீ திட்டுவேன்னு குடுத்துட்டேன்னு சொன்னேன். மறுநாள் பார்த்தா அவ நல்லாத்தான் ஓடி விளையாடினா. சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்னு விட்டேன். அப்படியே போயிடுச்சு.”

“அவளுக்கு வலி வந்துதே, நீ பார்க்கலையா?”

“அது நீ போடுற மாத்திரை சூட்டுல வருதுன்னு நினைச்சேன்.”

அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய், மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வந்தாள். அதில் கழுத்து வரைக்கும் மாத்திரைகள். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றாள். வாரா வாரம் நான் நிரப்பிக் கொடுத்த டப்பாவை அவள் இந்தப் பாட்டிலில் கொட்டிவிட்டு, காலி டப்பாவை என்னிடம் நீட்டியிருக்கிறாள். மாத்திரை தீர்ந்துபோச்சு, சீக்கிரம் கொடு என்று ஒரு முறை போன்கூடச் செய்திருக்கிறாள். மறந்ததை நான் மன்னித்திருப்பேன். அந்தப் போனை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் முன்னால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிடி இல்லைன்னு சொல்றது?” என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். “பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் இவ மாத்திரை முழுங்கறதை வேடிக்கை பார்க்கும். இவ தலையைக் குனிஞ்சுக்குவா. இங்க வந்தா அவ சாதாரணப் பொண்ணுடி. ரெண்டு வேளையாவது சீக்காளியா இல்லாம சாப்பிடட்டுமேன்னு நினைச்சேன்.”

மாமா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். “இன்னாம்மா இப்போ, அவ பெத்த பொண்ணு மாரிதான பாத்துகினு கீறா? வேணும்னா செஞ்சா?” என்றார். வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள். அன்பாக, தினமும், வேண்டுமென்றே. யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் யாரையும் திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியாம பாதி வேளை மருந்தே போகலை. நான் மீதி வேளைக்கு ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன்” என்றார். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளையாகக் குடலில் தடிப்பு எதுவும் இல்லை. அளவைப் பழைய இடத்துக்கே இறக்கினார். அந்தக் குறைந்த அளவிலேயே, எல்லா வேளையும் சரியாகப் போனபோது, எடை மெதுவாக ஏறத் தொடங்கியது. ஆனால் அந்த வருடம் வளர்ந்திருக்க வேண்டிய உயரம் வளரவில்லை. வகுப்புப் புகைப்படத்தில் இப்போதும் முன்வரிசையில் ஓரமாகத்தான் நிற்கிறாள்.

வேலையை விடவில்லை. அலுவலகத்தில் பேசி, பாதி நாட்கள் வீட்டிலிருந்து செய்யும்படி மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மத்தியான வேளையை அவர் பார்த்துக்கொண்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் இது என்ன மாத்திரை என்று அவரே ஒரு நாள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வேடிக்கை பார்க்கவில்லையாம்.

அக்காவோடு ஏழெட்டு மாதம் பேச்சு இல்லை. தெருவில் எதிரே வந்தால் ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைப்பாள், நான் நிற்க மாட்டேன். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான்தான் போனேன். அங்கே பேசிக்கொண்டோம், அவர் உடம்பைப் பற்றி மட்டும். இப்போது வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அவள் மன்னிப்புக் கேட்டாள், நானும் பரவாயில்லை என்றேன். ஆனாலும் அவள் ஏதாவது சொல்லும்போது, கீரை வாங்கின கடை எது என்பது மாதிரிச் சாதாரண விஷயமானாலும், உள்ளே ஏதோ ஒன்று நின்று அவள் முகத்தைப் பார்க்கிறது. எங்கள் அம்மா சாகும்போது கடைசியாகக் கேட்டது உன்னைத்தான் என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் வந்துசேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருடம் ஆறுதல் பட்டிருக்கிறேன். அதுவும் நான் அழக்கூடாது என்பதற்காகச் சொன்னதுதானோ என்று ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. தட்டைப் பார்த்து அளவை அவளே சொல்கிறாள், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. அந்த வீட்டை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். திரும்பி வந்ததும் மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். “போட்டேம்மா” என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். முன்பும் அப்படித்தான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் அவள் பையைத் திறந்து டப்பாவைப் பார்க்கிறேன்.